பச்சைப்பூவும் சிற்றிலையும்: பைட்டோபிளாஸ்மாவை அடையாளம் காணப் பழகியது

பயிர் நோய்களைக் கூர்ந்து பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. இந்தப் பருவத்தை முழுக்கப் பைட்டோபிளாஸ்மாவுக்கு ஒதுக்கினேன். செடிக்குள் உணவு ஓடும் குழாய்களில் வாழும், செல்சுவர் இல்லாத ஒரு வகை பாக்டீரியா அது. எடுத்துக்கொண்டது எள், கத்தரி என இரண்டே பயிர்கள். இதுவரை கைவந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் எள். பச்சைப்பூ நோய் வந்த செடியில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒரு பூவைக் கிள்ளி, ஊசியால் அடுக்கடுக்காகப் பிரித்துக் கைலென்ஸில் பார்த்தேன். புல்லி இதழ்கள் ஐந்தும் குட்டி இலைகளாக நீண்டிருந்தன. அல்லி இதழ் வெள்ளை நிறத்தை இழந்து பச்சையாகத் தடித்திருந்தது. மகரந்தத்தாள்களும் பச்சைதான், தட்டையாக இருந்த மகரந்தப்பையில் தூள் ஒட்டவே இல்லை. காயாக வேண்டிய சூலகத்தை பிளேடால் கீறினால், விதை இருக்க வேண்டிய இடத்தில் நுனி மடங்கிய சிறு தளிர்கள். அதே தண்டில் கீழே இருந்த காய்களோ நல்ல காய்கள். அவை உருவான பிறகுதான் கிருமி செடிக்குள் பரவியிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். எந்தக் கணுவிலிருந்து பூ மாறத் தொடங்குகிறது என்று செடிதோறும் குறித்து வருகிறேன். நோய் எப்போது தொற்றியது என்பதற்கு அது ஒரு நல்ல தடயம்.

பூவை இலையாக்குவது இந்தக் கிருமி சுரக்கும் புரதங்களின் வேலை. பூவின் உறுப்புகளை உருவாக்க உத்தரவிடும் செடியின் புரதங்களை அவை சிதைத்துவிடுகின்றன. ஊட்டச்சத்துக் குறை இப்படிச் செய்யாது. அதனால் பூவே இலையாக மாறியிருந்தால் பைட்டோபிளாஸ்மாவைத்தான் முதலில் சந்தேகிக்கலாம் என்பது என் முடிவு.

கத்தரியில்தான் கஷ்டம். அங்கே பெரும்பாலும் இலையை வைத்தே பேச வேண்டியிருக்கிறது. சிற்றிலை நோய் முற்றிய செடி பார்த்தவுடன் தெரியும்: இலைகள் சிறுத்து வெளிறி, காம்பு இல்லாததுபோல் தண்டோடு ஒட்டி, கணுக்கள் நெருங்கி, செடியே ஒரு புதர். விரலால் தடவினால் கத்தரி இலையின் சொரசொரப்பு இல்லாமல் மெத்தென்று இருக்கும். ஆனால் தொடக்கத்தில் துத்தநாகக் குறையும் இலையைச் சிறிதாக்கும், களைக்கொல்லிச் சாரல் பட்டாலும் இலை குறுகி முறுக்கிக்கொள்ளும். இவற்றைப் பிரித்தறிய நான் முதலில் பார்ப்பது இலையை அல்ல, வயலை. சத்துக்குறை திட்டுத்திட்டாக வரும். சாரல் பட்டது ஒரு ஓரமாக, ஒரே நேரத்தில் தெரியும். பைட்டோபிளாஸ்மா அங்கொன்றும் இங்கொன்றுமாக, பக்கத்துச் செடி செழிப்பாக நிற்கும்போதே வரும். கிருமியைச் சுமந்து வரும் தத்துப்பூச்சி எந்தச் செடியில் அமர்ந்து சாறு உறிஞ்சியதோ அதில்தான் நோய்.

அப்புறம் ஒட்டுக்கட்டிப் பார்த்தேன். சந்தேகப்பட்ட செடியின் கிளைநுனியை ஆப்பு வடிவில் சீவி, நல்ல கத்தரி நாற்றின் தண்டில் செருகிக் கட்டினேன். ஒப்பிடுவதற்காக, இன்னொரு நாற்றில் நோயில்லாத கிளையையும் அதேபோல ஒட்டினேன். எல்லாமே பூச்சி நுழையாத வலைக்குள். சில வாரங்களில் முதல் நாற்றின் புதுத் தளிர்கள் சிறுத்து வெளிறி வந்தன. மற்றதில் எப்போதும்போல அகன்ற இலைகள். சத்துக்குறை ஒட்டு வழியே பரவாது என்பதால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் வைரஸும் ஒட்டில் பரவும், ஆகவே இது பாதி விடைதான்.

மீதிப் பாதியை 1967-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. வைரஸ் என்று அதுவரை நம்பப்பட்ட மல்பெரிக் குட்டை நோய் போன்றவற்றில், மின்னணு நுண்ணோக்கியில் செல்சுவர் இல்லாத உயிரிகளை, செடியின் உணவைக் கடத்தும் சல்லடைக் குழாய்களுக்குள் பார்த்தார்கள். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தபோது நோயின் அறிகுறிகள் அடங்கின. வைரஸ் என்றால் அந்த மருந்துக்கு மசியாது. பென்சிலின் தாக்குவது செல்சுவர் உருவாவதை. சுவரே இல்லாத இதனிடம் அது எடுபடாது. நான் அந்தச் சோதனையில் இறங்கவில்லை. ஆன்டிபயாடிக்கைத் தோட்டத்தில் தெளிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அதற்குப் பதில், நோய்பட்ட திசுவை நீலமாக்கிக் காட்டும் டீன்ஸ் சாயம். கத்தரித் தண்டை, பிளந்த கேரட் துண்டுக்கு நடுவே வைத்து, புது பிளேடால் ஒளி ஊடுருவும் அளவு மெல்லிசாகச் சீவி, சாயத்தில் ஊறவைத்து, தண்ணீரில் அலசினேன். நல்ல தண்டில் நீரைக் கடத்தும் சைலம் மட்டும் நீலப்பச்சையாக நிற்க, உணவைக் கடத்தும் புளோயம் நிறமின்றி இருந்தது. நோய்த் தண்டில் புளோயம் அடர்நீலமாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. கத்தரிக் குடும்பத்தில் சைலத்தின் உட்பக்கமும் புளோயம் உண்டு; அங்கேயும் அதே நீலம். வெளியிலும் உள்ளேயும் ஒத்துவந்த அந்த ஒரு சீவலை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றே தெரியாது. சாயம் கிருமியின் பெயரைச் சொல்லாது, கிருமியும் என் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்குப் பெரிதல்ல. ஆனாலும் வயலில் பரவிய விதம், ஒட்டு, சாயம் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் செடியைப் பிடுங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். தள்ளிப்போடக் கூடாது: கிருமியை உறிஞ்சிய தத்துப்பூச்சியின் உடலுக்குள் அது பெருகி, சில வாரங்களில் உமிழ்நீருக்கு வந்துவிடும். அதன்பின் அந்தப் பூச்சி சாகும்வரை நோயைப் பரப்பும்.

எந்த வகைப் பைட்டோபிளாஸ்மா என்று தெரிய, கிருமியின் மரபணுவைப் பலமடங்கு நகலெடுத்துப் பார்க்கும் பிசிஆர் சோதனைதான் வழி. அதற்கென்று இலையின் நடுநரம்பையும் காம்பையும் மட்டும் வெட்டி, செடிவாரியாகப் பெயரெழுதி உறையவைத்திருக்கிறேன். கிருமி புளோயத்தில்தான் இருக்கிறது, அதனால் இலைப்பரப்பை அரைத்துப் பயனில்லை. மரபணு வரிசை கிடைத்தால், எள்ளில் இருப்பதும் கத்தரியில் இருப்பதும் ஒரே பிரிவா என்று பார்க்க வேண்டும்.