ஐ.டி.ஐ. செய்முறைத் தேர்வு: இன்ஜின் ‘ரிச்’ ஆக ஓடினால் முதலில் டிரிம்மைப் பாருங்கள்

அகில இந்தியத் தொழிற்தேர்வின் முடிவு வந்துவிட்டது. மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் பிரிவில் தேர்ச்சி பெற்றுவிட்டேன். கணினி வழித் தேர்வில் 33 விழுக்காடு போதும். செய்முறையில் 60 எடுத்தாக வேண்டும் என்பதால் அதை நினைத்துத்தான் எனக்கு நெடுநாள் உறக்கம் கெட்டிருந்தது. என்னைக் கரைசேர்த்தது ஒரே பழக்கம்: எந்தச் சென்சாரையும் கழற்றுவதற்கு முன் ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம் (இன்ஜினின் கணினி பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடும் அளவு) மதிப்புகளைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்வது.

எனக்குக் கிடைத்தது ஒரு பெட்ரோல் எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) இன்ஜின். சைலன்சரில் கரும்புகை, பெட்ரோல் நெடி, ஸ்கேனரில் பி0172, அதாவது கலவை ‘ரிச்’ (காற்றுக்குத் தேவையானதைவிடப் பெட்ரோல் அதிகம்) என்னும் பிழைக்குறியீடு (கோடு). இந்தக் கோடு வந்தவுடனே பலருடைய கை, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்துக் கலவையைச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரை நோக்கிப் போகிறது. அது தகவல் சொன்னவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குச் சமம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் உலர்ந்த கரி படிந்திருக்கிறது, சென்சாரும் ‘ரிச்’ என்பதைக் குறிக்கும் 0.8 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கிறது என்றால், அது உண்மையைத்தான் சொல்கிறது.

14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தைக் காக்க இ.சி.யூ. (இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி) பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது என்பதையே டிரிம் காட்டுகிறது. ஆகவே நீங்கள் விடை காண வேண்டிய முதல் கேள்வி, கலவை ரிச்சாக இருப்பது இ.சி.யூ.வுக்குத் தெரிந்திருக்கிறதா என்பதுதான். டிரிம் நன்றாக மைனஸில் இருந்தால் அதற்குத் தெரிந்திருக்கிறது. குறைத்துப் பார்த்தும் எங்கிருந்தோ பெட்ரோல் கூடுதலாக வந்துகொண்டிருக்கிறது. கரும்புகை வரும்போதே டிரிம் பூச்சியத்திலோ பிளஸிலோ நின்றால், தவறான தகவலை நம்பி இ.சி.யூ.வே பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் சூடான பிறகும் ‘குளிர்ச்சி’ என்று சொல்லும் கூலன்ட் சென்சாரையோ, ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் வெளிக்காற்றை உள்ளிழுக்கும் எக்ஸாஸ்ட் கசிவையோ அப்போது தேட வேண்டும்.

என் இன்ஜினில் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) டிரிம் மைனஸ் 20 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது, 2500 ஆர்.பி.எம்.மில் அது பாதிக்கும் கீழே குறைந்தது. கூடுதலாக வரும் பெட்ரோலின் அளவு ஏறக்குறைய மாறாமல் இருந்து, இன்ஜின் இழுக்கும் காற்று மட்டும் பெருகினால்தான் இப்படி ஆகும் என்பதால், பர்ஜ் வால்வு (டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் விடுவது), கசியும் இன்ஜெக்டர், பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் பிரஷர் ரெகுலேட்டர் ஆகிய மூன்றை மட்டும் சந்தேகப் பட்டியலில் வைத்தேன். பர்ஜ் ஹோஸை அழுத்திப் பிடித்தபோது எந்த மாற்றமும் இல்லை. ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸை உருவியபோது அதன் வாயிலிருந்து பெட்ரோல் சொட்டி என் விரலை நனைத்தது. உள்ளே டயாஃப்ரம் (தடுப்புச் சவ்வு) கிழிந்து, அந்த ஹோஸ் வழியே பெட்ரோல் இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தது.

தேர்வாளர் “ஏன் சென்சாரை மாற்றவில்லை?” என்று கேட்டார். தாளில் எழுதியிருந்த எண்களைக் காட்டி விளக்கினேன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை.

நேரம் இருந்தால் இவற்றையும் பழகிக்கொள்ளுங்கள்:

- இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.
- சாவியை மட்டும் திருப்பிய நிலையில், கடல் மட்ட ஊர்களில் மேப் சென்சார் (இன்ஜின் காற்றை இழுக்கும் குழாயின் அழுத்தத்தை அளப்பது) 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். ஐடிலில் 30 முதல் 40. ஐடிலில் அதிகமாகக் காட்டினால் முதலில் அதன் ஹோஸில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.
- ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறதா என்று அறிய, ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள்.

ஏர் ஃபில்டர் அடைப்பைப் பலர் முதல் காரணமாக எழுதுகிறார்கள். அது கார்புரேட்டர் காலத்து விடை. இன்ஜெக்ஷன் வண்டியில் உள்ளே வரும் காற்றை அளந்தே பெட்ரோல் விடப்படுவதால், அடைப்பு இழுவையைக் குறைக்குமே தவிர, கலவையைப் பெரிதாக மாற்றாது.

பழுதை நீக்கியதோடு வேலை முடிந்துவிடாது. பெட்ரோல் கலந்த ஆயிலை மாற்றாவிட்டால் அதன் ஆவி பி.சி.வி. (கிராங்க்கேஸ் ஆவியை இன்ஜினுக்குத் திருப்பும் வால்வு) வழியே மீண்டும் இன்ஜினுக்குள் போகும். அதனால் கோடு திரும்ப வரலாம். ஆயிலை மாற்றி, பிழைக்குறியீட்டை அழித்து, இன்ஜின் சூடேறி குளோஸ்டு லூப்புக்கு (ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு இ.சி.யூ. பெட்ரோலைத் திருத்தும் நிலைக்கு) வந்த பிறகு டிரிம் பூச்சியத்தை ஒட்டி நிற்பதைத் தேர்வாளருக்குக் காட்டிவிட்டுக் கருவிகளை ஒப்படையுங்கள்.