கெட்டிமேளமும் ஒரு இன்ச் சென்சாரும்

மயிலாடுதுறை வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். சொந்தமாக ஸ்டுடியோ கிடையாது. முகூர்த்த நாளில் ஆள் போதாமல் ஸ்டுடியோக்காரர்கள் கூப்பிடுவார்கள், தெரிந்தவர்கள் மூலம் நேரடி வேலையும் வரும். கேமராவோடு போனால் ஒரு கூலி. வெறும் ஆளாகப் போனால் அதில் பாதிகூடத் தேறாது. எனவே சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தது தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். யூடியூபில் பேசுகிறவர்கள் எல்லாரும் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கட்சி. அதாவது லென்ஸைக் கழற்றி மாட்டுகிற ஸ்டில் கேமரா, படம் விழுகிற சில்லு, சென்சார் என்பார்களே, அது பெரிதாக இருக்கும். பின்னணி அப்படியே கரைந்து போகவேண்டும், இல்லையென்றால் அது வீடியோவே இல்லை என்கிறார்கள். எனக்கு வேலை கொடுக்கும் ஸ்டுடியோ அண்ணன் வேறு கட்சி. "தம்பி, தோள்ல வைக்கிற மாதிரி வாங்கு. சோனி எம்சி 2500 எடுத்துடு. பொண்ணு வீட்டுக்காரன் கேமராவைப் பார்த்துத்தான் காசு கொடுப்பான், படத்தைப் பார்த்து இல்ல." வீட்டில் கேட்டது ஒரே கேள்விதான். "மாசத் தவணை எவ்வளவு?"

அண்ணன் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. எங்கள் பக்கம் வீடியோ கேமராவின் மரியாதை அதன் உருவத்தில்தான் இருக்கிறது. விஎச்எஸ் காலத்தில் ஊரெல்லாம் பானாசோனிக் எம் 9000. ஒரு முழு விஎச்எஸ் கேசட் உள்ளே போக வேண்டுமே, பெரிதாக இல்லாமல் என்ன செய்யும்? கேமராவுக்குப் பின்னால் லைட் பாய், லைட்டுக்குப் பின்னால் வயர், அந்த வயரில் தடுக்கி விழ ஒரு சித்தப்பா. இந்தப் பட்டாளம் மண்டபத்துக்குள் நுழைந்தாலே கல்யாணம் களைகட்டிவிடும். அப்புறம் மினி டிவி (DV) என்கிற சின்ன டேப் வந்தது. சோனி பிடி 170 வந்தது. கேமரா கைக்குள் அடங்கியது. ஆனால் டேப் ஒரு மணி நேரம்தான் ஓடும். மாலை மாற்றும்போது பார்த்து டேப் மாற்றிய கதை, அந்தக் காலத்து ஆட்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்றாவது இருக்கும்.

இப்போது டேப்பும் இல்லை, கேசட்டும் இல்லை. தோள் கேமராவின் உடம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. எம்சி 2500 உள்ளே இருப்பது கால் இன்ச் வகை சென்சார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. மீதி உடம்பெல்லாம் தோளில் உட்காரவும், மாமாக்கள் பார்த்துத் திருப்திப்படவும். அதே சோனி கம்பெனி 2015-இல் கொண்டுவந்த என்எக்ஸ் 100 கையில் பிடிக்கிற அளவுதான், ஆனால் உள்ளே ஒரு இன்ச் வகை சென்சார். இதில் ஒரு வேடிக்கை, அந்த ஒரு இன்ச்சை ஸ்கேல் வைத்து அளந்தால் அகலம் 13.2 மில்லிமீட்டர்தான் வரும். கேமராவுக்குள் கண்ணாடிக் குழாய் இருந்த காலத்தில் குழாயின் விட்டத்தை வைத்துப் பெயர் சொன்னார்கள். குழாய் போய்விட்டது, கணக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரியல் எஸ்டேட்காரர்கள் இதைப் படிக்க வேண்டாம். அப்படியே அளந்தாலும் கால் இன்ச் சென்சாரைவிடப் பரப்பு பத்து மடங்குக்கு மேல்.

சரி, என்எக்ஸ் 100 என்று நின்றேன், செகண்ட் ஹேண்டில். மிரர்லெஸ் வேண்டாம் என்றதற்குக் காரணம் நாத்தனார்.

மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடுகிறார். அடுத்த முடிச்சுகளை அவருடைய அக்காவோ தங்கையோ பின்னால் நின்று போடுகிறார். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டு, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, 1.8-இல் அகலத் திறந்து, இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் தெளிவாக விழுவது சில சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே. பெண்ணின் கண் தெளிவாக இருக்கும், பின்னால் நிற்கும் நாத்தனார் ஒரு பச்சைப் புடவைப் புகையாகத் தெரிவார். யூடியூபில் இதற்குக் கைதட்டுவார்கள். எங்கள் ஊர்ப் பட்டமங்கலத் தெருவில் நாத்தனாரைப் புகையாக்கிவிட்டு அடுத்த கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்க முடியாது. சின்ன சென்சாரில் முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவர் எல்லாரும் ஓரளவு தெளிவாகவே வருவார்கள். கலைக்கு அது குறை, உறவுக்கு நல்லது.

அடுத்தது ஜூம். ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 29 மில்லிமீட்டரிலிருந்து 348 வரை, ஒரே லென்ஸில், விரல் அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டு போகும். மண்டபத்தின் பின்பக்கம் பலகை மேல் நின்றுகொண்டு, மேடையில் ஐயர் பிடித்திருக்கும் தேங்காயின் நார் வரைக்கும் போகலாம். இது எவ்வளவு முக்கியம் என்பது முகூர்த்த நேரத்தில்தான் தெரியும். மேடைமேல் ஏறி நின்றவர்கள் ஒருவரும் இறங்க மாட்டார்கள்.

கேமரா வந்தாகிவிட்டது. முதல் கல்யாணத்தில் பையிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் மாட்டி வெள்ளை பேலன்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெண்ணின் பெரிய மாமா வந்தார். ஆறடி உயரம், கையில் நவரத்தின மோதிரம், தோளில் புதுத் துண்டு.

"தம்பி, கேமராமேன் எப்ப வருவாரு?"

"நான்தாங்க."

கேமராவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "என் மருமவன் சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்ததே இதைவிடப் பெரிசு. அதுல கோழியை எடுத்துக்கிட்டிருக்கோம்."

நான் சென்சார் பரப்பைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் அதற்குள் சாம்பாரில் உப்புப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். கேமராவை மாற்ற முடியாது, தவணை ஓடுகிறது. ஆளை வளர்க்கலாம். முதலில் மேலே ஒரு எல்இடி லைட். அப்புறம் முன்னால் ஒரு மேட் பாக்ஸ். வெயிலில் வெளிச்சம் லென்ஸில் அடிக்காமல் தடுக்கத்தான் அது, மண்டபத்துக்குள் அதற்குப் பெரிய வேலை இல்லை. இருந்தாலும் அதை மாட்டிய பிறகு பந்தியில் என்னை இரண்டாவது பந்திக்குத் தள்ளுவதை நிறுத்திவிட்டார்கள். கடைசியாக, நீளமான மைக் வாங்கி அதற்கு ரோமத்தில் ஒரு காற்றுத் தடுப்பு உறை போட்டேன். இது அலங்காரம் இல்லை. கல்யாண மண்டபத்து ராட்சச ஃபேன்களுக்கு அடியில் வெறும் மைக் வைத்தால் மந்திரம் கேட்காது, புயல்தான் கேட்கும். சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று இருக்கும். குழந்தைகள் தடவிவிட்டுப் போகும். ஒரு பாட்டி பக்கத்தில் வந்து ரகசியமாகக் கேட்டார், "அந்த முயல் கடிக்குமா தம்பி?"

பாகம் பாகமாக வளர்ந்த இந்தக் கேமராவோடு அதே பெரிய மாமா வீட்டுக்கு அடுத்த கல்யாணத்துக்குப் போக நேர்ந்தது. அவருடைய இரண்டாவது தங்கை மகள். பார்த்ததும் மாமா முகம் மலர்ந்தது. "பாத்தியா, புதுசு வாங்கிட்டாரு!" மறுத்துப் பேச வாய் வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து கேண்டிட் குழு, அதாவது போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுக்கிறவர்கள், ஒன்றைக் கூட்டி வந்திருந்தார்கள். எல்லாரும் கறுப்புச் சட்டை. நல்ல பையன்கள்தான். மேடையை முழுதாக எடுக்க ஒரு பழைய மிரர்லெஸை ஓரத்தில் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, கையில் 85 லென்ஸோடு மேடைக்கு ஏறிவிட்டார்கள். நான் பின்னால் பலகை மேல்.

இந்த இடத்தில் சத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாண ஒலிப்பதிவைவிடக் கொடுமையானது வேறு இல்லை. ஐயர் வாய்க்குள் முணுமுணுப்பார், கேமரா ஆட்டோவில் இருந்தால் 'சத்தம் போதவில்லையே' என்று தானாக ஏற்றிக்கொண்டே போகும். அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம். இரண்டு தவில் ஒரே அடியாக விழும். மீட்டர் சிவப்பில் முட்டி நிற்கும், ஒலி கிழியும், மிரண்டுபோன ஆட்டோ அடியோடு இறக்கிவிடும். அடுத்துக் கொஞ்ச நேரம் எல்லாரும் கிணற்றுக்குள்ளிருந்து வாழ்த்துவார்கள். என்எக்ஸ் 100-இல் எக்ஸ்எல்ஆர் என்கிற தடித்த மைக் வயரைப் பொருத்துகிற இடம் இரண்டு உண்டு, இரண்டு சேனலையும் தனித்தனியாக வைக்கலாம். முயல் மைக்கை ஒன்றில் ஆட்டோவில் விடுவேன். மைக்செட்டுக்காரரிடம் கெஞ்சி வாங்கிய வயரை இரண்டாவதில் சொருகி, சுவிட்சை லைனில், அதாவது மிக்சரிலிருந்து வரும் பலமான ஒலிக்கான இடத்தில், தள்ளி, அளவைத் தவிலுக்குத் தகுந்தபடி கையால் இறக்கி வைப்பேன். அந்த சுவிட்ச் மைக்கில் இருந்தால் மிக்சரிலிருந்து வருவது எல்லாமே தவிலாகத்தான் பதிவாகும், ஐயர் உட்பட.

ஷட்டர் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதோடு ஒத்துப்போனால்தான் ட்யூப் லைட்டும் சீரியல் செட்டும் படத்தில் சிமிட்டாமல் இருக்கும். இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவு. ஃபோகஸை மணமக்கள் மேல் வைத்து மேனுவலில் பூட்டினேன். கூட்டத்தில் ஆட்டோஃபோகஸை நம்புவதில்லை.

முகூர்த்தம் நெருங்கியது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். கூட்டம் எழுந்தது. அட்சதை கைகள் உயர்ந்தன. மாப்பிள்ளை குனிந்தார். பெரிய மாமா மேடை விளிம்புக்கு வந்து, மேளக்காரர்களைப் பார்த்துத் திரும்பி, வலது கையை நீட்டி, ஆட்காட்டி விரலை ஆட்டினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

அந்த விரல் நீண்ட இடம் கேண்டிட் தம்பியின் லென்ஸுக்கு நேர் முன்னால். ஆட்டோஃபோகஸ் என்ன செய்யும்? கிட்டே ஒரு முகம், அதுவும் ஆறடி முகம், உணர்ச்சி பொங்க இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டது. மூன்று முடிச்சும் விழும் வரைக்கும், அதாவது நாத்தனாரும் போட்டு முடியும் வரைக்கும், விடவே இல்லை. தம்பி இடது பக்கம் நகர்ந்தார், மாமாவும் இடது பக்கம் நகர்ந்தார். தம்பி உட்கார்ந்தார், மாமா குனிந்து அட்சதை போட்டார்.

ஓரத்தில் நின்ற இன்னொரு கேமரா காப்பாற்றியிருக்க வேண்டும். அது 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்று போயிருந்தது. பழைய ஸ்டில் கேமராக்கள் பலவற்றுக்கு இந்த வியாதி உண்டு. அரை மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்தால் அது வீடியோ கேமரா என்று சொல்லி ஐரோப்பிய யூனியனில் கூடுதல் சுங்க வரி போட்டார்கள். வரியைத் தவிர்க்க, கம்பெனிகள் ஒரு விநாடிக்கு முன்னாலேயே நிறுத்தும்படி செய்துவிட்டன. ஐரோப்பாவில் வரி போட்டால் மாயவரத்தில் தாலி கட்டுவது படத்தில் வராது. உலகமயமாக்கல் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

என்னிடம் எல்லாம் இருந்தது. பின்னாலிருந்து தலைகளுக்கு மேலாக, 12 மடங்கு ஜூமில், தாலி, முடிச்சு, நாத்தனாரின் விரல்கள், பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்தது, தவில் கிழியாமல். கேண்டிட் தம்பி சாப்பாட்டுக் கூடத்தில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். பாயசம் வரும் வரைக்கும் பேசவில்லை. அப்புறம், "அண்ணே, அந்த மூணு முடிச்சு மட்டும் ஒரு காப்பி..." என்றார். கொடுத்தேன். இரண்டு கார்டில் பதிவு செய்வது இப்படித் தர்மம் பண்ணவும் உதவும்.

மிக்ஸிங் முடிந்து டிவியில் போட்டுப் பார்க்க வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். குடும்பமே தரையில் உட்கார்ந்திருந்தது. என்னுடையது ஓடியது. "ம், நல்லாருக்கு" என்றார்கள். மாப்பிள்ளையின் சித்தி, "நான் மொய் எழுதினது வரலியே" என்றார். வந்திருந்தது, காட்டினேன். "புடவை கலர் வேற மாதிரி இருக்கு" என்றார். அரக்குச் சிவப்புப் பட்டு எந்த வீடியோ கேமராவுக்கும் அக்கினிப் பரீட்சை, அதை அங்கே விளக்க முடியாது.

அடுத்து கேண்டிட் வீடியோ. மெல்லிய இசை. பெண் கண் திறக்கிறாள். மாப்பிள்ளை சிரிக்கிறார். மூன்று முடிச்சு, என்னுடையது, இரண்டு விநாடி. அதற்கப்புறம் ஸ்லோ மோஷனில் திரை முழுக்கப் பெரிய மாமா. மோதிரத்தின் ஒன்பது கல்லையும் எண்ணலாம். மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிகிறது. பின்னால் மணமக்களும் அக்கினியும் மாலையும் வண்ண வண்ணக் குமிழிகளாகக் கரைந்து கிடக்கிறார்கள். விரல் மெல்ல உயர்கிறது, மெல்ல ஆடுகிறது. தம்பி பிழைக்கத் தெரிந்தவர், வீணாய்ப் போனதை எடிட்டிங்கில் பிரதானமாக்கிவிட்டார்.

அறை அமைதியானது. மாமா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "இன்னொரு தடவை போடு." போட்டார்கள். "இது கேமரா!" என்று திரும்பி என்னைப் பார்த்தார். "தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுதும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேற லெவல்." அன்று மாலைக்குள் அந்த விரல் அவருடைய வாட்ஸப் ஸ்டேட்டஸில் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் மாமாவுக்கு மணிவிழா, திருக்கடையூரில். இரண்டு பேருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். கேண்டிட் தம்பி போன் செய்து, "அண்ணே, அன்னிக்கு அவர் கை ரெண்டும் தாலியில இருக்கும், விரல் தொந்தரவு இருக்காது" என்று சந்தோஷப்பட்டார். திருக்கடையூரில் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் எத்தனை ஜோடிக்கு மாலை மாற்றுவார்கள், எத்தனை கோஷ்டி மேளம் வாசிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மாமா வருவார். எங்கள் மாமாவுக்குக் கெட்டிமேளம் சொல்லப் போகிறவர் அவருடைய மச்சானாம். போன வாரம் கடைத்தெருவில் பார்த்தேன், மோதிரம் வாங்கிக்கொண்டிருந்தார்.