கணக்கியல் பட்டப்படிப்பு: சேர்வதற்கு முன்னும் சேர்ந்த பின்னும்

பல்கலைக்கழகம் தேடும்போது கட்டணம், விடுதி, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கும் குடும்பங்கள் ஒன்றை மட்டும் கேட்க மறந்துவிடுகின்றன. அந்தப் பட்டம் 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறதா? மலேசியாவில் தன்னைக் கணக்காளர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்ய எம்.ஐ.ஏ. எனப்படும் மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிந்திருக்க வேண்டும். அட்டவணையின் முதல் பகுதியில் உள்ள பட்டம் கையில் இருந்தால், மூன்று ஆண்டு அனுபவத்தோடு நேராகப் பதியலாம். மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற பொதுப் பல்கலைக்கழகங்களின் கணக்கியல் பட்டங்கள் அதில் உண்டு. பட்டியலில் இல்லாத பட்டம் என்றால் ஏ.சி.சி.ஏ., எம்.ஐ.சி.பி.ஏ. போன்ற தொழில்முறைத் தகுதியையோ எம்.ஐ.ஏ. நடத்தும் தகுதித் தேர்வையோ முடித்த பிறகுதான் பதிய முடியும்.

பட்டியலில் இல்லாத பட்டம் மட்டமானது என்று இதற்கு அர்த்தமில்லை. நல்ல தனியார்ப் பல்கலைக்கழகங்களில் படித்து ஏ.சி.சி.ஏ. முடிப்பவர்கள் கோலாலம்பூரில் ஏராளம். ஆனால் மூன்று ஆண்டுக் கட்டணத்தோடு செலவு முடியாது, அதற்கு மேல் தொழில்முறைத் தேர்வுக் கட்டணமும் இருக்கிறது என்பதைச் சேரும் முன்பே குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டத்தின் பெயரையும் உற்றுப் பாருங்கள். 'கணக்கியல் இளங்கலை' வேறு. 'வணிக நிர்வாக இளங்கலை, கணக்கியல் சிறப்புப் பாடம்' வேறு. எம்.ஐ.ஏ. இணையத்தளத்தில் உள்ள பட்டியலோடு பட்டத்தின் முழுப்பெயரை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் கணக்கியலுக்கு ஏ பிளஸ் வாங்கியவர்கள்தாம் முதல் செமஸ்டரில் அதிகம் ஏமாறுகிறார்கள். பாதிப் பாடம் ஏற்கெனவே படித்தது போலத் தோன்றும்; விரிவுரைக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை என்று மனம் சொல்லும். ஏழாவது, எட்டாவது வாரத்தில் பாடம் பள்ளி எல்லையைத் தாண்டும்போது பழக்கம் கெட்டுப்போயிருக்கும். பள்ளியில் மலாய்க் கலைச்சொற்களில் படித்தவர்கள் முதல் இரண்டு வாரத்திலேயே ஒரு நோட்டில் மலாய், ஆங்கிலச் சொற்களை இரண்டு பத்தியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நூறு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

எவ்வளவு நேரம் படிக்க வேண்டும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. மலேசியத் தகுதி முகமையின் விதிப்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. ஐந்து பாடம் எடுத்தால் 600 மணி. 14 வார வகுப்பு, படிப்பு விடுமுறை, தேர்வு எல்லாம் சேர்த்து 17 வாரம் என்று வைத்தாலும் வாரத்துக்கு 35 மணி ஆகிறது. வகுப்பும் டுட்டோரியலும் அதில் 18, 20 மணியை எடுத்துக்கொள்ளும். மீதி 15 மணி உங்கள் பொறுப்பு. அந்த 15 மணியில் பத்து மணியாவது பேனாவும் கால்குலேட்டருமாகப் போக வேண்டும். கணக்கியல் கையால் போட்டுப் பழக வேண்டிய பாடம். விடையைப் பார்த்துக்கொண்டே 'ஆமாம், புரிகிறது' என்று தலையாட்டுவது படிப்பில் சேராது. டுட்டோரியல் கணக்கை விடை பார்க்காமல் போட்டு, சிக்கிய இடத்தைச் சிவப்பு மையில் குறித்து வகுப்புக்கு எடுத்துப் போங்கள். விரிவுரையாளரிடம் 'எனக்கு ஒன்றும் புரியவில்லை' என்பதைவிட 'இந்த 12,000 ஏன் கழிகிறது?' என்று கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

அக்டோபரில் தொடங்கும் செமஸ்டரில் தீபாவளி முதல் சில வாரங்களுக்குள் வந்துவிடும். தைப்பூசம் பெரும்பாலும் தேர்வை ஒட்டி வரும். பத்துமலைக்கோ பினாங்குத் தண்ணீர்மலைக்கோ காவடி நேர்ந்திருப்பவர்கள், விரதம் தொடங்கும் முன்பே திருப்பிப் பார்க்கும் வேலையை முடித்துவிட வேண்டும். தேர்வு அட்டவணை வரட்டும் என்று காத்திருந்தால் இரண்டும் கெடும்.

இந்தப் பட்டத்தில் பாடங்கள் சங்கிலியாக வருகின்றன. முதலாண்டில் டெபிட், கிரெடிட் தடுமாறினால் இரண்டாம் ஆண்டில் நிறுவனக் கணக்கு தடுமாறும். மூன்றாம் ஆண்டில், தாய் நிறுவனத்தையும் துணை நிறுவனத்தையும் ஒன்றாகச் சேர்த்து எழுதும் குழுமக் கணக்கு ஓடவே ஓடாது. அதிகம் பேர் விழும் இடம் இந்தக் குழுமக் கணக்குதான். அங்கே என்ன தவறு நடக்கிறது என்று ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

தாய் நிறுவனம் ஒன்று துணை நிறுவனத்தின் 80 விழுக்காட்டுப் பங்கை 500,000 ரிங்கிட்டுக்கு வாங்குகிறது. வாங்கிய நாளில் துணை நிறுவனத்தின் நிகரச் சொத்து நியாய மதிப்பில் 540,000. மீதி 20 விழுக்காட்டை வைத்திருக்கும் வெளிப்பங்குதாரர் பங்கின் நியாய மதிப்பு 110,000. நிகரச் சொத்தின் மதிப்புக்கு மேல் போகும் தொகைதான் குட்வில். முழு குட்வில் முறையில் 500,000 கூட்டல் 110,000 கழித்தல் 540,000, ஆக 70,000. விகிதமுறையில் வெளிப்பங்குதாரர் பங்கு 540,000இல் 20 விழுக்காடு, அதாவது 108,000; குட்வில் 68,000. எம்.எப்.ஆர்.எஸ். 3 என்ற மலேசியக் கணக்கியல் தரம் இரண்டையும் அனுமதிக்கிறது. எந்த முறை என்பதைக் கேள்வியிலேயே சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு வரியைப் படிக்காமல் தாண்டுவதுதான் முதல் தவறு. அது குட்வில்லோடு நிற்காது. பின்னால் குட்வில் மதிப்பு குறைந்தால் முழு முறையில் அந்த நட்டத்தில் 20 விழுக்காடு வெளிப்பங்குதாரருக்குப் போகும். விகிதமுறையில் முழுவதும் தாய் நிறுவனத்தின் தலையில்தான்.

இரண்டாவது தவறு, கைக்கு வராத லாபம். துணை நிறுவனம் தாய்க்கு 120,000 ரிங்கிட்டுக்குச் சரக்கு விற்றது, அடக்கவிலையின் மேல் 20 விழுக்காடு மார்க்-அப், பாதிச் சரக்கு இன்னும் விற்காமல் கிடக்கிறது. லாபம் 120,000 பெருக்கல் 20 வகுத்தல் 120, அதாவது 20,000. பாதி கிடப்பதால் 10,000ஐ நீக்க வேண்டும். 'மார்ஜின் 20 விழுக்காடு', அதாவது விற்ற விலையில் 20 விழுக்காடு லாபம், என்று கேள்வி சொல்லியிருந்தால் லாபம் 24,000, நீக்க வேண்டியது 12,000. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போட்டால் சரக்கிருப்பு, தக்கவைத்த லாபம், வெளிப்பங்குதாரர் பங்கு மூன்றும் பிழையாகும். அடுத்து, விற்றது யார் என்று பாருங்கள். இங்கே விற்றது துணை நிறுவனம். எனவே அதன் நிகரச் சொத்திலிருந்து 10,000 கழிகிறது, அதில் 2,000 வெளிப்பங்குதாரருடையது, 8,000 குழுமத்துடையது. தாய் நிறுவனம் விற்றிருந்தால் 10,000ம் குழுமத்தின் லாபத்திலிருந்தே கழியும். லாப நட்டக் கணக்கில் விற்பனை, விற்ற சரக்கின் அடக்கவிலை இரண்டிலிருந்தும் 120,000ஐ எடுத்துவிட்டு, அடக்கவிலையில் 10,000ஐத் திரும்பச் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி அடியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, நியாய மதிப்பு உயர்வின் தேய்மானம். கட்டடத்தின் நியாய மதிப்பு ஏட்டு மதிப்பைவிட 60,000 கூடுதல், மீதி ஆயுள் 20 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 3,000 கூடுதல் தேய்மானம். வாங்கி மூன்று ஆண்டு ஆகியிருந்தால் 9,000. சொத்தில் 60,000ஐச் சேர்த்துவிட்டு 9,000ஐ மறந்த விடைத்தாள்கள் நிறைய.

இதற்கெல்லாம் மருந்து ஒரே ஒழுங்குதான். குழும அமைப்பு, துணையின் நிகரச் சொத்து, குட்வில், வெளிப்பங்குதாரர் பங்கு, குழுமத் தக்கவைத்த லாபம் என்ற ஐந்து துணைக்கணக்குகளையும் எப்போதும் இதே வரிசையில் எழுதுங்கள். நிகரச் சொத்துக் கணக்கில் வாங்கிய நாளுக்கு ஒரு பத்தி, ஆண்டு முடிவுக்கு ஒரு பத்தி, வித்தியாசத்துக்கு ஒரு பத்தி. திருத்தங்கள் எல்லாம் முதலில் அங்கே போய்ச் சேர வேண்டும். இருபது கணக்கு இப்படிப் போட்டால் கை தானாக ஓடும். அதற்குக் குறைவாகப் போட்டுவிட்டுத் தேர்வறைக்குப் போகாதீர்கள்.

வருமானவரிப் பாடத்தில் சிக்கலே வேறு. இங்கே விதிகள் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் மாறும். அண்ணன் அக்காளின் பழைய குறிப்பைக் கடன் வாங்கிப் படிப்பது மற்றப் பாடங்களுக்குச் சரி, வரிக்கு ஆபத்து. எந்த மதிப்பீட்டு ஆண்டுக்கான தேர்வு என்பதை முதல் வகுப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 2023 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, நிபந்தனைகளுக்கு உட்பட்ட சிறு நடுத்தர நிறுவனங்களுக்கு முதல் 150,000 ரிங்கிட்டுக்கு 15 விழுக்காடு, 600,000 வரை 17, அதற்கு மேல் 24. வரிக்குரிய வருமானம் 800,000 என்றால் 22,500, 76,500, 48,000 என்று கூட்டி 147,000 வரி. பழைய குறிப்பில் 15 விழுக்காட்டு அடுக்கே இருக்காது.

வரியில் மதிப்பெண் சிந்தும் இன்னொரு இடம் கார். நிறுவனம் 180,000 ரிங்கிட்டுக்குக் கார் வாங்கினால், விலை 150,000ஐத் தாண்டியதால் வரிக்கழிவுக்கு 50,000 மட்டுமே கணக்கில் வரும். முதலாண்டில் தொடக்கக் கழிவு 20 விழுக்காடும் ஆண்டுக்கழிவு 20 விழுக்காடும் சேர்த்து 20,000. அடுத்த மூன்று ஆண்டும் 10,000. அதே காரைப் பிறகு 90,000க்கு விற்றால் விற்ற விலையையும் அதே விகிதத்தில் சுருக்க வேண்டும்: 90,000 பெருக்கல் 50,000 வகுத்தல் 180,000, ஆக 25,000. வாங்கும்போது சுருக்கியவர்கள் விற்கும்போது மறந்துவிட்டு 90,000ஐ முழுதாக எழுதுவதைத் திருத்துபவர்கள் ஒவ்வொரு செமஸ்டரிலும் பார்க்கிறார்கள். ஏட்டில் போட்ட தேய்மானத்தை முழுவதும் திரும்பக் கூட்ட மறப்பது, முதலாளி தரப்பு இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) சந்தா ஊதியத்தில் 19 விழுக்காட்டுக்கு மேல் போனால் அந்த மிகையைக் கூட்ட மறப்பது, இவையும் வழக்கமான கண்ணிகள்.

மேலாண்மைக் கணக்கியல் ஒப்பீட்டில் எளிது. வாய்பாடுகள் குறைவு, பயிற்சி இருந்தால் மதிப்பெண் உறுதி.

தணிக்கைப் பாடத்தை மனப்பாடம் செய்து தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் 'சி'யோடு நிற்கிறார்கள். கேள்வியில் ஒரு நிறுவனத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருப்பார்கள். உங்கள் விடை அந்த நிறுவனத்தைப் பற்றி இருக்க வேண்டும். 'ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும்' என்ற பொதுவாக்கியத்துக்கு மதிப்பெண் கிடையாது. எந்த ஆவணம், எந்தத் திசை, எதை நிரூபிக்க என்று மூன்றும் வேண்டும். லெஜரில் (பேரேட்டில்) உள்ள விற்பனையை எடுத்து டெலிவரி ஆர்டரை (சரக்கு ஒப்படைத்த சீட்டை) தேடினால் அந்த விற்பனை உண்மையில் நடந்ததா என்பது தெரியும். டெலிவரி ஆர்டரில் தொடங்கி லெஜருக்குப் போனால் எதுவும் பதியாமல் விடுபட்டதா என்பது தெரியும். திசையை மாற்றி எழுதினால் சோதனையே மாறிவிடுகிறது.

தேர்வறையில் மூன்று மணி நேரம், 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 25 மதிப்பெண் கேள்விக்கு 45 நிமிடம். நேரம் முடிந்ததும் பேனாவைத் தூக்கி அடுத்த கேள்விக்குப் போங்கள். இருப்புநிலைக் குறிப்பு இரண்டு பக்கமும் சமமாகவில்லை என்று வித்தியாசத்தைத் தேடி இருபது நிமிடம் செலவழிப்பதைவிட நட்டமான காரியம் வேறில்லை. அந்தப் பிழைக்குப் போவது ஒன்றோ இரண்டோ மதிப்பெண்; எழுதாமல் விட்ட கேள்விக்குப் போவது இருபது. துணைக்கணக்குகளைத் தெளிவாக எழுதியிருந்தால், ஒரு எண் தவறானாலும் அடுத்தடுத்த படிகளின் முறைக்கு மதிப்பெண் கிடைக்கும். கால்குலேட்டரில் போட்டு விடையை மட்டும் எழுதியவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

ஏ.சி.சி.ஏ. எழுதும் எண்ணம் இருந்தால் முதலாண்டிலேயே உங்கள் பட்டத்துக்கு எத்தனை தாள் விலக்கு என்று பாருங்கள். இப்போதுள்ள அமைப்பில் 13 தாள். கணக்கியல் பட்டதாரிக்கு அதிகபட்சம் 9 வரை விலக்கு கிடைக்கலாம். சில தாள்களின் விலக்கு, பட்டத்தில் எந்த விருப்பப்பாடம் எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைசிக் கட்டத் தாள்களை ஏழு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். வேலையில் சேர்ந்த பின் ஏழு ஆண்டு வெகு விரைவில் கரையும். பட்டம் முடிந்த சூட்டோடு எழுதத் தொடங்குவதே நல்லது.

தணிக்கை நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் வேண்டுமென்றால் ஜனவரியில் தொடங்கும் இடத்தைக் கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் கணக்காண்டு டிசம்பர் 31இல் முடிவதால் வேலை உச்சத்தில் இருப்பது அதன் பிறகுதான். பிறை அல்லது ஷா ஆலம் கிடங்குகளில் சரக்கு எண்ணுவது, வங்கி உறுதிக்கடிதம் அனுப்புவது என்று எல்லாம் கைக்கு வரும். ஆகஸ்டில் போனவர்கள் பல இடங்களில் நகலெடுத்துக்கொண்டிருப்பார்கள். பெரிய நிறுவனம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். பிரிக்பீல்ட்ஸ், பட்டர்வொர்த் பக்கம் பத்துப் பேர் வேலை செய்யும் சிறு அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கை ரசீதுக் கட்டிலிருந்து வரிப்படிவம் வரை முழுதாகப் பார்க்கும் வாய்ப்பு அதிகம். அங்கே எஸ்.கியு.எல்., ஆட்டோகவுண்ட் போன்ற உள்ளூர் மென்பொருள்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். எக்செலில் விலுக்கப், பிவட் டேபிள் இரண்டும் தெரிந்துகொண்டு போங்கள். ஜனவரி இடத்துக்கு விண்ணப்பம் செப்டம்பருக்குள் போயிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் கடிதத்தை அதற்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதம் தாமதமாகி இடம் கைநழுவிப் போவது ஆண்டுதோறும் நடக்கிறது.