குறளை வைத்துப் பைத்தான் பழகுகிறேன்

பைத்தான் போன்ற கணினி மொழியில் நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு வழக்கமாக முதலில் கிடைப்பது கால்குலேட்டர். அப்புறம் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல், அதற்கப்புறம் வானிலை காட்டும் செயலி. மூன்றையும் வீடியோ பார்த்துச் செய்தேன். மறுபடி திறந்து பார்க்கத் தோன்றவில்லை. பகலில் கணக்கு எழுதும் வேலை. ராத்திரி சாப்பிட்ட பிறகு கிடைக்கும் கொஞ்ச நேரத்தை எனக்கே விடை தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும் ஒன்றில் போடலாம் என்றுதான் ஒரு செய்யுள் வெண்பா இலக்கணப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் நிரலில் இறங்கினேன். அவலோகிதம் என்ற மென்பொருள் இந்த வேலையை ஏற்கெனவே நன்றாகச் செய்கிறது. எனக்கு அதோடு போட்டி இல்லை, பழகிக்கொள்ள ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

குறள் வெண்பாவை எடுத்ததற்குக் காரணம் உண்டு. விதிகள் கையளவு. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. சீருக்குள் இருக்கும் ஒலித் துண்டு அசை; அது நேர், நிரை என்று இரண்டு வகை. இரண்டசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூன்றசைச் சீர் நேரில் முடிந்தால் காய். ஒரு சீருக்குப் பின் அடுத்த சீர் எந்த அசையில் தொடங்கவேண்டும் என்பது தளை: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு ஓசை வாய்பாடுகளில் ஒன்று. சோதித்துப் பார்க்கவோ 1330 குறள்கள் தயாராக இருக்கின்றன. ஒரு குறளில் தளை தட்டுகிறது என்று நிரல் சொன்னால் வள்ளுவரைச் சந்தேகிக்க வேண்டாம், நிரலைப் பார்த்தால் போதும். காசு கொடுத்தாலும் இப்படி ஒரு டெஸ்ட் டேட்டா கிடைக்காது.

முதல் வேலை எழுத்துகளைப் பிரிப்பது. 'குறள்' என்ற சொல்லுக்கு நீளம் கேட்டால் பைத்தான் 5 என்கிறது. நமக்கு மூன்று எழுத்துதான். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் உகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. குறி வந்தால் முந்தின எழுத்தோடு ஒட்டிக்கொள், இல்லாவிட்டால் புது எழுத்து: சின்ன லூப்பில் முடிந்தது. ஓப்பன் தமிழ் என்ற நிரல் நூலகத்தில் இதற்கு ஒரு ஃபங்ஷன் ரெடியாகவே இருக்கிறது. ஆனால் இந்த இடத்தை நானே எழுதியது நல்லதாகப் போயிற்று, ஏன் என்று கீழே வருகிறது.

அசை பிரிப்பது நினைத்ததைவிடச் சுலபம். நெடில் வந்தால் நேர். குறில் வந்தால் அடுத்ததைப் பார்: அது ஒற்று (மெய்யெழுத்து) என்றாலோ சொல் அங்கே முடிந்தாலோ நேர், குறிலோ நெடிலோ என்றால் இரண்டும் சேர்ந்து நிரை. பின்னால் வரும் ஒற்றுகளையும் அதே அசையில் போட்டுவிடு. நான்கைந்து வரி 'இஃப்' எழுதியதும் 'அகர முதல எழுத்தெல்லாம்' புளிமா, புளிமா, புளிமாங்காய் என்று சீர்களின் பெயரோடு திரையில் வந்து நின்றது. அன்றைக்குத் தூங்க நேரமாகிவிட்டது.

ஐகாரம்தான் கொஞ்சம் படுத்தியது. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் அது குறுகிக் குறில்போல நிற்கும். அதனால் 'அன்னையர்' என்பதை அன்-னை-யர் என்றும் அலகிடலாம் (அசை பிரிக்கலாம்), அன்-னையர் என்றும் அலகிடலாம். சரி, ஐகாரம் எங்கே வந்தாலும் குறில் என்று வைத்துவிடலாமா? 50ஆம் குறள் விடாது. 'வையத்துள் வாழ்வாங்கு' என்பதில் 'வை'யைக் குறிலாக்கினால் வையத்-துள் என்று மாச்சீர் ஆகிறது, அதன் முன் 'வாழ்' என்ற நேர் வந்து தளை தட்டுகிறது. முதலெழுத்து ஐகாரத்தை நெடிலாகவே விட்டால் வை-யத்-துள், காய் முன் நேர், சரியாகிவிடுகிறது. இந்த மாதிரி ஒவ்வொரு விதிக்கும் பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் ஒரு டெஸ்ட் எழுதி வைக்கப் பழகினேன். புது விதி பழையதைக் கெடுத்தால் உடனே சிவப்பாகக் காட்டிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1143ஆம் குறளில் நடந்தது. 'ஊரறிந்த' என்ற காய்ச்சீருக்குப் பிறகு 'கௌவை' வருகிறது. காய் முன் நேர், எந்தச் சிக்கலும் இருக்கக்கூடாது. ஆனால் நிரல் விடாமல் தளை தட்டுகிறது என்றது. எழுத்துகளைத் தனித்தனியாக அச்சிடச் சொன்னால் மூன்று வந்தன: கெ, ள, வை. கோப்பைத் தட்டச்சு செய்த யாரோ ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் ளகரமும் போட்டிருக்கிறார்கள். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நிரலுக்கோ கெள-வை, முதல் அசை நிரை. 'கொ' போன்றவை இரண்டு குறிகளாகப் பிரிந்து கிடந்தால் யூனிகோடின் இயல்பாக்கம் என்ற ஒழுங்குபடுத்தும் முறை சேர்த்துவிடும். இது வேறு எழுத்து என்பதால் அது கை வைக்காது. எழுத்துப் பிரிக்கும் லூப் என்னுடையது என்பதால் பார்த்ததுமே விஷயம் புரிந்தது. யாப்பு பார்க்க எழுதிய நிரல் எழுத்துப்பிழை பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பதம் பிரித்த பதிப்புகள் இன்னொரு தலைவலி. 66ஆம் குறளின் கடைசி இரண்டு சீர் 'கேளா தவர்'. பொருள் புரிவதற்காக அதைக் 'கேளாதவர்' என்று சேர்த்து எழுதினால் அடியில் ஒரு சீர் குறைந்துபோகும். சீர் பிரித்த கோப்பைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதே குறளின் 'குழலினிது யாழினிது' என்ற தொடக்கத்தைப் பழைய முறையில் 'குழலினி தியாழினி' என்று எழுதினால் வேறொரு கூத்து. 'குழலினி' கருவிளம் என்ற விளச்சீர், அதற்குப் பிறகு நேர் வரவேண்டும். 'தியா' என்று எண்ணினால் நிரை. 'தி'யில் இருப்பது குறுகி ஒலிக்கும் இகரமான குற்றியலிகரம். சீரும் தளையும் சிதைகிற இடத்தில் குற்றியலிகரம், குறுகி ஒலிக்கும் உகரமான குற்றியலுகரம், நீட்டி ஒலிக்கும் அளபெடை மூன்றையும் அலகிடாமல் விடலாம் என்கிறது யாப்பருங்கலக்காரிகை என்ற பழைய செய்யுள் இலக்கண நூல். அதாவது முதலில் எண்ணிப் பார், தட்டினால் திரும்பி வந்து எண்ணாமல் பார். பாடத்தில் சுடோகுவை வைத்து பேக்டிராக்கிங் என்று சொல்லித் தந்தபோது தலையில் ஏறாத சங்கதி இந்த 'தி'யில் ஏறியது.

இப்போதைக்குக் குற்றியலிகரம் வரைக்கும் வேலை செய்கிறது. அளபெடையை இன்னும் தனியாகக் கவனிக்கவில்லை. 1143லேயே 'உறாஅதோ', 'பெறாஅது' என்று இரண்டு இருக்கின்றன. இரண்டுமே தளை தட்டாமல் தேறிவிடுகின்றன, ஆனால் அசையைச் சரியாகப் பிரித்துத்தான் தேறுகின்றனவா என்பதைத் தளையை மட்டும் பார்க்கிற டெஸ்ட் சொல்லாது. அடுத்து அதற்கொரு டெஸ்ட் எழுதவேண்டும். பிறகு ஃபிளாஸ்க் என்ற வலைத்தளக் கருவியில் ஒரு பெட்டி வைத்து, யார் வேண்டுமானாலும் தங்கள் குறளை ஒட்டிச் சோதிக்கிற மாதிரி செய்ய எண்ணம்.