குயின் மேரி 2 கப்பலில் காலா இரவு: என்ன உடுத்துவது, எப்படிக் கொண்டுபோவது

சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2 போகும் 7 இரவுப் பயணத்தில் வழக்கமாக 2 இரவுகள் காலா (gala) இரவுகளாக, அதாவது விழா உடை அணியும் இரவுகளாக இருக்கும். அன்று மாலை 6 மணிக்கு மேல் பிரிட்டானியா உணவகத்திலும் குயின்ஸ் ரூம் நடனக்கூடத்திலும் எல்லோரும் முழு உடுப்பில் இருப்பார்கள். இன்று ஓடும் பெரிய பயணிக் கப்பல்களில் உடை விஷயத்தில் கண்டிப்பு மிகுந்தவற்றில் இது ஒன்று. இதற்குப் பெட்டி கட்டத் தெரிந்துவிட்டால் மற்ற எந்தக் கப்பலுக்கும் அதுவே போதும்.

கப்பல்காரர்கள் கேட்பது இவ்வளவுதான். ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் (போ டையோடு போடும் விழாக் கோட், டக்ஸீடோ என்பதும் இதுதான்) அல்லது டை கட்டிய கருநிற சூட். பெண்களுக்கு நீள கவுன், காக்டெயில் உடை அல்லது நேர்த்தியான பேண்ட் சூட். இவற்றோடு அவரவர் நாட்டு முறைப்படியான விழா உடையும் ஏற்புடையது. ஆகவே பட்டுச் சேலையும், கழுத்து வரை மூடிய இந்தியக் கோட்டான பந்த்கலாவும் அங்கே சலுகையாக விடப்படுபவை அல்ல, விதிக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டு இரவுக்காகப் பணம் கொட்டி டக்ஸீடோ வாங்கவோ, பழக்கமில்லாத கவுனில் தடுமாறவோ வேண்டியதில்லை. பழகிய உடையைக் கப்பலுக்குத் தோதாகத் தயார் செய்துகொள்வதே புத்திசாலித்தனம். உடுத்திக்கொள்ள மனமில்லாதவர்கள் அன்றிரவு கிங்ஸ் கோர்ட் பஃபேயிலோ கோல்டன் லயன் பப்பிலோ சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் கப்பலில் ஏறிவிட்டு அந்த இரவுகளைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

காலா இரவுகளுக்குத் தனித்தனிக் கருப்பொருள் உண்டு. கறுப்பு வெள்ளை, முகமூடி ஆகிய இரண்டும் அடிக்கடி வருபவை. கருப்பொருளைப் பின்பற்றுவது கட்டாயமில்லை. கறுப்பு வெள்ளை இரவில் மயில்கழுத்து நிறப் பட்டில் போனாலும் தவறில்லை. முகமூடி இரவில் கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு சிரமம்: நாடா கட்டும் முகமூடி கண்ணாடி மேல் உட்காராது. கைப்பிடிக் குச்சி வைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது எப்படியும் கழற்றித்தான் வைப்பார்கள்.

ஆண்களிடமிருந்து தொடங்கலாம். கறுப்பு, அடர் நீலம் அல்லது கரிச்சாம்பல் நிற சூட் ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும். வெள்ளைச் சட்டையும் அடர்நிறப் பட்டு டையும் சேர்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கல்யாண வரவேற்புக்குத் தைத்த மினுமினுப்புத் துணி சூட்டை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், விளக்கொளியில் அது தனியாகத் தெரியும்.

டின்னர் ஜாக்கெட்டே வாங்குவதென்றால் சில விவரங்களைப் பார்த்து வாங்குங்கள். காலர் மடிப்பு மேல்நோக்கிக் கூர்ந்ததாகவோ வளைந்து ஓடும் ஷால் வகையாகவோ இருக்க வேண்டும், அதன்மேல் பட்டு அல்லது சாட்டின் முகப்பு. சாதாரண கோட்டில் வரும் வெட்டு வைத்த காலரில் சாட்டின் ஒட்டி விற்பது மலிவு வேலை. முன்பக்கம் ஒரே பட்டன். கால்சட்டையின் வெளித்தையல் நெடுக ஒரு பட்டை ஓடும், பெல்ட் வளையம் இருக்காது. இடுப்பைப் பக்கவாட்டுப் பட்டியோ தோள்பட்டியோ பிடித்துக்கொள்ளும். பெல்ட் போட்டால் கோட் பட்டனுக்குக் கீழே பக்கிள் எட்டிப் பார்க்கும். அந்த இடைவெளியில் வெள்ளைச் சட்டை முக்கோணமாகத் தெரிவதும் அதே அளவு அசிங்கம். அதை மறைக்கத்தான் கமர்பண்டோ (இடுப்பைச் சுற்றிக் கட்டும் மடிப்பு வைத்த அகலப் பட்டை) வெயிஸ்ட்கோட்டோ. இரண்டில் ஒன்று போதும். கமர்பண்டின் மடிப்புகள் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். இரட்டை வரிசைப் பட்டன் கோட்டுக்கு இரண்டுமே வேண்டாம், ஆனால் எழுந்து நிற்கும்போதெல்லாம் பட்டனைப் போட்டபடியே இருக்க வேண்டும்.

போ டையைத் தானே கட்டுவது பழகினால் எளிதுதான், ஊரிலேயே நான்கைந்து முறை கண்ணாடி முன் கட்டிப் பாருங்கள். அகலம் கண்களின் வெளி ஓரத்தைத் தாண்டாமல் இருந்தால் முகத்துக்குப் பொருந்தும். கட்டி வைத்தே வரும் போ டை வாங்கினால் கழுத்தைச் சுற்றிப் பட்டி ஓடும் வகையை வாங்குங்கள், காலரில் செருகும் க்ளிப் வகை சாப்பாட்டுக்கு நடுவே சாய்ந்துவிடும். அதிகம் பேர் மறந்துவிட்டு வருவது இரண்டு சின்னப் பொருள்களை: கஃப் லிங்க், முழங்கால் வரை வரும் கறுப்பு சாக்ஸ். மடித்துப் போடும் கஃப் சட்டைக்குப் பட்டனே இருக்காது, லிங்க் இல்லையென்றால் கைப்பகுதி தொங்கும். பட்டு நூல் முடிச்சு லிங்க் ஒரு ஜோடியைக் கோட் பையிலேயே போட்டு வைத்துவிடுங்கள்.

பந்த்கலா நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்லும் உடை. டை, கமர்பண்ட், கஃப் லிங்க் எதுவும் வேண்டாம், கழுத்து வரை மூடியிருப்பதால் உள்ளே போட்ட சட்டை கசங்கினாலும் தெரியாது. கறுப்பு அல்லது அடர் நீல உல்லனில், நெருக்கமான வேலைப்பாடு இல்லாமல் தைத்தால் கறுப்பு வெள்ளை இரவுக்கும் பொருந்தும். காலருக்குள் இரண்டு விரல் நுழைய இடம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். இறுக்கமாக இருந்தால் சூப்பிலிருந்து இனிப்பு வரை பல வகைகள் வரும் அந்தச் சாப்பாட்டில் உட்கார முடியாது.

பட்டு வேட்டியும் விழா உடைதான். அகல ஜரிகைக் கரை, முழுக்கைப் பட்டுச் சட்டை என்று கட்டினால் கம்பீரமாக இருக்கும். ஆடும் கப்பலில் இடுப்பு முடிச்சை மட்டும் நம்ப வேண்டாம், வெல்க்ரோ வைத்ததைக் கட்டுங்கள், அல்லது உள்ளே ஒரு பெல்ட். மாடிப்படி ஏறும்போது முன்கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், மறு கை கைப்பிடியில். செருப்பு கூடாது, பின்பக்கம் மூடிய தோல் மோஜடி அல்லது ஷூ போடுங்கள்.

இனிச் சேலை. இங்கேதான் துணியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ஜரிகை நிறைந்த கல்யாணக் காஞ்சிபுரப் பட்டு கனம், விறைப்பு, மடிப்புக் கோடு விழுந்தால் லேசில் போகாது. ஒருவர் எப்படி நின்றாலும் அது அழகுதான். ஆனால் பெட்டிக்குள் இரண்டு வாரம் கிடந்து, விமானம் ஏறி, கப்பலுக்கு வந்து சேரும்போது மடித்த இடத்தில் ஜரிகை வெடித்திருக்கலாம். சிறு கரை வைத்த மெல்லிய பட்டு, க்ரேப் சில்க், ஜார்ஜெட், மைசூர் சில்க் போன்றவை கப்பலுக்கு ஏற்றவை. இரண்டு காலா இரவென்றால் ஒரு மெல்லிய காஞ்சிப் பட்டும் ஒரு ஜார்ஜெட்டும் போதும்.

காஞ்சிப் பட்டைத்தான் எடுத்துப்போவேன் என்பவர்கள் ஊரிலேயே ப்ரீ ப்ளீட்டிங் (முன்கூட்டியே மடிப்பு எடுப்பது) செய்து, பெட்டி போல மடித்த பாக்ஸ் ஃபோல்டிங்காக வாங்கிக்கொள்ளலாம். கொசுவமும் முந்தானை மடிப்பும் இஸ்திரி போட்டு அமர்ந்திருப்பதால் சின்ன கேபினில், ஒரே ஒரு கண்ணாடி முன், சில நிமிடங்களில் கட்டி முடிக்கலாம். இதில் தவறு வரும் இடம் இரண்டு. மடிப்பு எடுக்கப் போகும்போதே கப்பலில் போடப்போகும் செருப்பின் உயரத்தையும் உள்பாவாடையையும் சொல்லிவிட வேண்டும், பிறகு உயரத்தை மாற்றினால் கீழோரம் தரையைத் துடைக்கும் அல்லது கணுக்கால் தெரியும். அடுத்தது ஊக்கு. மடிப்பைப் பிடித்து வைக்க ஊக்கைக் குத்தியபடியே பெட்டியில் வைத்தால் பட்டில் ஓட்டை விழும், ஈரம் பட்டால் துருக்கறையும் சேரும். துணி க்ளிப் போட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். கேபினுக்குப் போனதும் பிரித்துப் படுக்கவைத்துவிடுங்கள். கனமான பட்டை ஹேங்கரில் தொங்கவிட்டால் தன் எடையிலேயே அந்தக் கம்பி மடிப்பு ஆழமாகப் பதியும்.

பட்டுக்குப் பருத்தி உள்பாவாடைதான் சரி, துணி துணியைப் பிடித்துக்கொள்ளும். சாட்டின் பாவாடை மேல் பட்டு வழுக்கும், ஆட்டத்தில் கொசுவம் இறங்கும். ஜார்ஜெட்டுக்கு உடலோடு ஒட்டும் சேலை ஷேப்வேர் அழகாக இருக்கும், ஆனால் படி ஏறும்போது அடி எடுத்து வைக்க இடம் தராது. பக்கத்தில் பிளவு வைத்ததை வாங்குங்கள். தோளில் குத்தும் ஊக்கில் முதலில் ஒரு சிறு பாசிமணியைக் கோத்துவிட்டுக் குத்தினால் ஊக்கின் சுருளில் பட்டு மாட்டிக் கிழியாது. சின்ன ஊக்கு பத்தாவது வேண்டும். சேலையின் கீழோரம் தரையிலிருந்து ஒரு விரற்கடை மேலே நிற்கட்டும்.

முந்தானையை விரித்துவிடுவதா, மடித்துக் குத்துவதா? கப்பலில் மடித்துக் குத்துவதே சரி. மணிக்கு 22 கடல்மைல் வேகத்தில் கப்பல் போனால் காற்றே இல்லாத நாளிலும் மேல்தளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடிக்கும், எதிர்க்காற்று சேர்ந்தால் இன்னும் கூடும். தளத்துக்குப் போகும் கதவுகள் கனமானவை, பறக்கும் முந்தானை அதில் சிக்கினால் கிழிந்துவிடும். படம் எடுக்க வெளியே போவதை விட உள்ளே பெரிய படிக்கட்டு அருகே எடுத்துக்கொள்வது நல்லது. ரவிக்கைக்கு முழங்கை வரை கை வைத்துத் தைத்துக்கொண்டால் குளிர்சாதனக் குளிருக்கும் ஆகும். இல்லையென்றால் ஒரு பஷ்மினா சால்வை கையில் இருக்கட்டும்.

கவுன் அணிபவர்களுக்கும் இதே கணக்குத்தான்: கசங்காத ஜெர்சி அல்லது க்ரேப் துணி, தரையைத் தொடாத நீளம். கேன்கேன் (பாவாடையை விரித்துக் காட்டும் விறைப்பான உள்வலை) வைத்த லெஹங்கா வேண்டாம். அதற்குப் பெட்டியிலும் இடமில்லை, சாப்பாட்டு மேசை நாற்காலிகளுக்கு நடுவிலும் இடமில்லை.

குதிகால் உயரம் இரண்டு அங்குலம் போதும், பட்டையான குதிகாலாக இருக்கட்டும். ஊசிக் குதிகால் மரத்தளப் பலகைகளின் இடைவெளியில் இறங்கும். குளியலறை வாசலிலும் தளக் கதவிலும் உயர்ந்த நிலைப்படி இருக்கும், நீள உடையோடு கடக்கும்போது பார்த்துக் கால் வையுங்கள்.

இஸ்திரிப் பெட்டியும் கையடக்க ஸ்டீமரும் தீ அபாயம் என்பதால் கேபினுக்குள் அனுமதி இல்லை, சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். குயின் மேரி 2-இல் பயணிகள் தாமே பயன்படுத்தும் லாண்டரி அறைகள் உண்டு, இஸ்திரிப் பெட்டியும் பலகையும் அங்கே இருக்கும். காலா இரவன்று பிற்பகலில் அங்கே வரிசை நிற்கும், காலையிலேயே முடித்துவிடுங்கள். பட்டின் மேல் நேரடியாக இஸ்திரி வைக்க வேண்டாம், பலரும் பயன்படுத்தும் ஸ்டீம் இஸ்திரியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் வட்டக் கறை நிற்கும். நீராவியை நிறுத்திவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியை மேலே விரித்து, மிதச் சூட்டில் உள்பக்கத்திலிருந்து போடுங்கள். குளியலறையில் சுடுநீரைத் திறந்துவிட்டு ஆவியில் தொங்கவிடும் வழி உல்லன் கோட்டுக்கும் பாலியஸ்டர் ஜார்ஜெட்டுக்கும் பலிக்கும், ஜரிகைப் பட்டுக்குக் கூடவே கூடாது.

கோட்டைப் பெட்டியில் வைக்கும்போது ஒரு தோளை உள்புறமாகத் திருப்பி, மறு தோளை அதற்குள் நுழைத்து, நீளவாக்கில் மடித்து, ட்ரைகிளீனர் தரும் பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள். துணி பிளாஸ்டிக்கின் மேல் வழுக்குவதால் மடிப்புக் கோடு பதியாது. கேபின் ஹேங்கர்களில் கோட்டுக்கான அகலத் தோள் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எதையாவது ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: ஒரு முழு காலா உடுப்பு, உள்பாவாடை, ரவிக்கை, ஷூ உட்பட, விமானத்தில் கைப்பையிலேயே போக வேண்டும். சென்னையிலிருந்து லண்டன் வரும் வழியில் பெட்டி தொலைந்தால் கப்பல் காத்திருக்காது, அது புறப்பட்ட பின் நியூயார்க் வரை இடையில் துறைமுகமும் இல்லை. பெட்டி உங்களைத் துரத்தி வந்து சேர வழியே கிடையாது.

நகை விஷயத்தில் மெல்லிய ஒரு செட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதையும் கைப்பையில் வைத்து, கப்பலில் கேபின் லாக்கரில் பூட்டுங்கள். நிறையத் தங்கம் எடுத்துப்போகிறவர்கள் புறப்படும்போதே இந்திய விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பும்போது வரி கேட்டு நிறுத்தினால் காட்டலாம்.

மற்றக் கப்பல்களில் இவ்வளவு கெடுபிடி இல்லை. சிங்கப்பூரிலிருந்து 3, 4 இரவு போகும் ராயல் கரீபியன் கப்பல்களில் வழக்கமாக ஒரே ஒரு ஃபார்மல் இரவு, 7 இரவுப் பயணங்களில் இரண்டு. அங்கே பயணிகளுக்கான லாண்டரி அறை கிடையாது, இஸ்திரிக்குக் காசு கொடுத்து அனுப்ப வேண்டும், ஆகவே ஜார்ஜெட்டே உத்தமம். கார்னிவலில் 5 நாள் வரை ஒன்று, அதற்கு மேல் இரண்டு. செலிப்ரிட்டி இதை ஈவினிங் ஷிக் என்று தளர்த்திவிட்டது, நார்வீஜியனில் கட்டாய ஃபார்மல் இரவே இல்லை. அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்புபவர்களுக்கு அம்மாவின் வழக்கமான மெல்லிய பட்டும் அப்பாவின் முழுக்கைச் சட்டையோடு ஒரு கோட்டும் போதுமானது.

முதல் இரவும் கடைசி இரவும் காலாவாக இருக்காது. பெட்டி கேபினுக்கு வந்து சேரத் தாமதமாகும், கடைசி இரவில் பெட்டியைக் கட்டி வெளியே வைத்துவிட வேண்டும், அதனால் பழைய கடல்வழிக் கப்பல் காலத்திலிருந்தே இந்த வழக்கம். கடைசி இரவு பெட்டியைத் தாழ்வாரத்தில் வைக்கும் முன் மறுநாள் காலை உடுத்த வேண்டியதை, காலணி உட்பட, தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.