கேள்வியை மேசைதான் தந்தது

கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் வடபகுதியில், அனிஷினாபே என்ற தொல்குடி மக்களின் சமூகம் ஒன்றின் பாசிமணித் தையலைப் பற்றி ஆராய அனுமதி கிடைக்க எனக்குப் பதினாறு மாதங்கள் ஆயின. இதே வழியில் வரப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என் முதல் விண்ணப்பத்தை நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பியது. அது சரிதான். கனடாவின் ஆய்வு நெறிமுறைக் கொள்கையில் 9ஆம் அத்தியாயம் முழுவதும் தொல்குடி மக்களோடு செய்யும் ஆய்வுக்கானது. திட்டமிடும்போதே சமூகத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. நானோ கண்ணாடி மணிகள் வெனிஸிலிருந்து வந்த வணிக வழிகளைப் பற்றிக் கேள்விகளை எழுதி முடித்துவிட்டு, பதில் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

மூத்தவரிடம் ஒன்றைக் கேட்குமுன் புகையிலை கொடுப்பது அந்தச் சமூகத்தில் முறை. சிவப்புத் துணியில் முடிந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆய்வைப் பற்றிப் பேசாமல் ஊசியைக் கையில் கொடுத்தார்.

ஒரு நூலில் மணிகளைக் கோத்துக் கறுப்பு வெல்வெட்டின்மேல் கிடத்த வேண்டும். இன்னோர் ஊசி அடியிலிருந்து ஏறி, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை அந்த நூலைத் துணியோடு பிடிக்கும். இதழ் வளைகிற இடத்தில் நான் தையலைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். வளைவு முறிந்து மூலையாகிவிட்டது. நான்கு முறை அவிழ்த்தேன்.

செவ்வாய்தோறும் தையலுக்கு நாங்கள் கூடிய மேசையில்தான் ஆய்வுக்கான கேள்வி பிறந்தது. பாட்டிமார் தைத்த பைகள் அருங்காட்சியகங்களில் செய்தவர் பெயரில்லாமல் கிடக்கின்றன. பூவின் போக்கைப் பார்த்தே எந்தக் குடும்பத்துக் கை என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருந்தார்கள். அந்தப் பெயர்களை மீட்பதே ஆய்வு என்று முடிவாயிற்று. வணிக வழிகளைக் கைவிட்டேன்.

பிறகு ஒப்பந்தம். கனடாவின் முதல் குடிகள் (First Nations) எனப்படும் தொல்குடிகள் 1998இல் வகுத்த நான்கு கொள்கைகள் அதற்கு அடிப்படை: தரவின் உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் நான்கும் சமூகத்துக்கே. ஒலிப்பதிவுகளின் மூலம் அவர்கள் அலுவலகத்தில் இருக்கும், என்னிடம் நகல்தான். ஒவ்வொரு வரியையும் சமூக மன்றத்தார் படித்துத் திருத்தினார்கள்.

என்னை வாட்டியது என் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. மூத்தவருக்கான மதிப்பூதியத்துக்குப் பற்றுச்சீட்டு கேட்டு மூன்று மாதம் இழுத்தார்கள். கற்றுக்கொடுத்தவரை அத்தனை நாள் காக்கவைத்தது எனக்குப் பெரும் வெட்கம். விண்ணப்பிக்குமுன்பே இதை எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள்.

அனுமதி வந்தபின் அறுபத்திரண்டு பைகளின் படங்களை மேசையில் பரப்பினோம். ஒன்பது வெளியே போகக்கூடாது என்றார்கள். காரணம் கேட்கவில்லை. அந்த ஒன்பதையும் அவர்கள் முன்னாலேயே என் கணினியிலிருந்து அழித்தேன்.