வார்டு நாட்குறிப்பு: வெள்ளை டப்பா எங்க இருக்கு

மார்ச் 4, காலை 10 மணி

நைட் டியூட்டி முடிச்சு வந்து குளிச்சு படுத்தும் தூக்கம் வரல, அதான் எழுதிடறேன்.

ராத்திரி ரெண்டரை மணி இருக்கும், ஒரே நேரத்துல ரெண்டு அட்மிஷன், ஒருத்தருக்கு மூச்சுத் திணறல், டியூட்டி டாக்டரும் நானும் அங்கயே நிக்கிறோம். புதுசா சேர்ந்த பொண்ணுதான் மிச்ச வார்டு முழுக்க பார்த்துக்கிட்டா. மூணே கால் மணிக்கு மருந்து எடுத்துக் குடுக்க வந்தப்ப இடது கையை முதுகுக்குப் பின்னாடி வெச்சிருந்தா. என்னடின்னு கையைப் புடிச்சு இழுத்தா, கிளவுஸுக்குள்ள ஆள்காட்டி விரல் நுனியில ரத்தம் பொட்டு வெச்ச மாதிரி பரவி நிக்குது.

17ம் பெட் தாத்தாவுக்கு சிரிஞ்ச்ல பிளட் சாம்பிள் எடுத்துட்டு நீடிலுக்கு மூடி போடப் போயிருக்கா, மூடி விலகி விரல்ல ஏறிடுச்சு. நடந்து முக்கால் மணி நேரம் ஆச்சு, வாயே திறக்கல. "திட்டுவீங்கன்னு பயந்துட்டேங்க்கா, ஸ்பிரிட் போட்டு நல்லா அமுக்கி ரத்தத்தை வெளிய எடுத்துட்டேன்"ங்கிறா. அமுக்கவே கூடாது, ஸ்பிரிட்டும் வேண்டாம், டெட்டாலும் வேண்டாம், சோப்பும் ஓடுற தண்ணியும் போதும். இதை மூணு வருஷம் படிச்ச பொண்ணு அந்த நேரத்துல மறந்துடுறா, பயம் அப்படி. குழாயைத் திறந்து விட்டு நானே கழுவி விட்டேன், கை நடுங்கிட்டே இருந்துச்சு அவளுக்கு.

மார்ச் 4, ராத்திரி

காலையில தூங்காம எழுதினதோட தொடர்ச்சி இது. கேஷுவல்ட்டிக்குக் கூட்டிட்டுப் போய் ஃபார்ம் எழுதி, தாத்தாகிட்ட விஷயத்தைச் சொல்லி சம்மதம் வாங்கி ரத்தம் எடுத்தோம். பாவம் அவரு, "என்னால புள்ளைக்கு எதும் ஆயிடுச்சா"ன்னு கேட்டாரு. ரேபிட் டெஸ்ட்ல எச்.ஐ.வி. நெகட்டிவ், கல்லீரலைத் தாக்குற ஹெபடைட்டிஸ் வைரஸ்ல சி வகையும் நெகட்டிவ். எச்.ஐ.வி. இல்லன்னு சொன்னதுமே எல்லாரும் அப்பாடான்னு உக்காந்துட்டாங்க. பாசிட்டிவா இருந்திருந்தா 28 நாள் மாத்திரை, அதுவும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள முதல் டோஸ் போனா நல்லது, 72 மணி நேரம் தாண்டினா பிரயோஜனம் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும்.

மூணாவது கார்டுல ரெண்டு கோடு. ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்.

எங்க டியூட்டர் மேடம் சொல்லிக் குடுத்த கணக்கு இன்னும் காதுல கேக்குது: முப்பது, மூணு, பாயின்ட் மூணு. தடுப்பூசி போடாத ஒருத்தருக்கு பாசிட்டிவ் ரத்தம் பட்ட ஊசி குத்தினா, ஹெபடைட்டிஸ் பி வர்றதுக்கு 100க்கு 30 வரைக்கும் வாய்ப்பு, சி வர்றதுக்கு 100க்கு 3, எச்.ஐ.வி. வர்றதுக்கு 1000க்கு 3. நம்ம ஆளுங்க பயப்படுறதெல்லாம் கடைசியில இருக்கிறதுக்கு, முதல்ல இருக்கிறதை யாரும் கண்டுக்கிறதில்ல. தடுப்பூசி போட்டியாடின்னு கேட்டா காலேஜ்ல ரெண்டு டோஸ் போட்டாங்களாம், ஆறாவது மாசம் போடற மூணாவது டோஸ் அன்னைக்கு ஊருக்குப் போயிட்டாளாம். அதோட விட்டாச்சு.

மார்ச் 5

ஹெபடைட்டிஸ் பி இம்யூனோகுளோபுலின், அதாவது வைரஸை எதிர்க்கிற ஆன்டிபாடியை ரெடிமேடா குடுக்கிற ஊசி, எங்க பார்மசியில இல்ல. குத்தினதுல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள போட்டா நல்லது, அதிகபட்சம் ஏழு நாள், அப்படின்னு தெரிஞ்சும் நேத்து பூரா ஆள் மாத்தி ஆள் போன் போட்டுக்கிட்டே இருந்தோம். ராத்திரி 12 மணி தாண்டித்தான் வெளிய ஒரு மெடிக்கல்ல கிடைச்சுது, காசு முதல்ல அவ அப்பாதான் போட்டாரு. வேலை செய்யற இடத்துல பட்ட காயத்துக்கு வீட்டுக் காசு எதுக்குன்னு நான் கேட்டேன், கேட்டுக்கிட்டே இருப்பேன்.

48 கிலோ இருக்கா, கிலோவுக்கு 0.06 மில்லின்னா கிட்டத்தட்ட 3 மில்லி. அதை ஒரு பக்கமும் விட்டுப்போன மூணாவது டோஸை இன்னொரு பக்கமும் நான்தான் போட்டேன். செப்டம்பர்ல ஹெபடைட்டிஸ் பி டெஸ்டும் ஆன்டிபாடி டைட்டரும் (தடுப்பூசியால உடம்புல எவ்வளவு எதிர்ப்பு வந்திருக்குங்கிற அளவு) பார்க்கணும், டைட்டர் 10க்கு மேல இருக்கணும். இப்பவே பார்த்தா வெளிய இருந்து போட்ட ஆன்டிபாடியைத்தான் காட்டும்.

மார்ச் 8

ரெண்டு நாளா வார்டுல ஒரே பேச்சு, கேர்லெஸ், இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு வேலையில கவனம் இல்ல. எனக்கு மனசு ஆறல. இன்னைக்கு டியூட்டி முடிஞ்சதும் 17ம் பெட்ல இருந்து போட்ட ஊசியை வெட்டிப் போடற நீடில் கட்டர் இருக்கிற டேபிள் வரைக்கும் நடந்து எண்ணிப் பார்த்தேன், 26 ஸ்டெப். வழியில ஆக்ஸிஜன் சிலிண்டர், பேஷண்டுக்குத் துணையா வந்து பாய் போட்டுப் படுத்திருக்கிறவங்க, ஸ்டூல். ரத்தம் இருக்கிற திறந்த ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டரை மணிக்கு இந்த 26 ஸ்டெப் நடக்கிறவ மூடி போடாம என்ன பண்ணுவா? மூடி போட்டது கெட்டிக்காரத்தனம்னு நினைச்சுத்தான் போட்டிருக்கா, கீழ படுத்திருக்கிறவங்க மேல பட்டுடக் கூடாதேன்னு.

மூடி போட்டே ஆகணும்னா மூடியை டிரேயில படுக்க வெச்சு ஒத்தக் கையாலயே நீடிலை உள்ள விட்டு அள்ளி எடுக்கணும், இன்னொரு கை கிட்டயே வரக்கூடாது. இன்னைக்கு அவளை உக்கார வெச்சு புது நீடில்ல இருபது தடவ செய்ய வெச்சேன். ஆனா ஊசி போடற இடத்துக்கே, போட்ட நீடிலைப் போடற வெள்ளை டப்பா வந்துட்டா இந்த வித்தையே தேவைப்படாது.

மார்ச் 12

இன்னைக்கு எழுதறது எனக்குக் கஷ்டமான விஷயம். காலையில மருந்து டிராலி அடுக்கறப்ப பார்த்தேன், 500 மில்லி சலைன் பாட்டில், ரப்பர்ல ஒரு 18 நம்பர் நீடில் குத்தினபடியே நிக்குது. வார்டு முழுக்க யாருக்கு வென்ஃப்ளான் (கை நரம்புல மாட்டியிருக்கிற சின்ன ட்யூப்) அடைக்காம சலைன் விட்டு ஃப்ளஷ் பண்ணணும்னாலும் அதுல இருந்துதான் சிரிஞ்ச்ல இழுக்கிறது. பல வருஷமா இப்படித்தான், நானும் இழுத்திருக்கேன். புது சிரிஞ்ச்ல இழுத்தா என்ன தப்புன்னு தோணும். அவசரத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, பேஷண்டோட லைன்ல மாட்டின சிரிஞ்சையே மறுபடி அதுல மாட்டி இழுத்தா போச்சு, கண்ணுக்குத் தெரியாத ரத்தம் பாட்டிலுக்குள்ள போயிடும், அடுத்து இழுக்கிற அத்தன பேருக்கும் அது போகும்.

அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல ஃப்ரீமான்ட்னு ஒரு ஊரு, அங்க ஒரு கேன்சர் கிளினிக்ல 2000, 2001ல இதுவேதான் நடந்துச்சு. பேஷண்ட் உடம்புல மருந்து ஏத்த வெச்சிருக்கிற போர்ட்ல ரத்தம் இழுத்த சிரிஞ்சையே பொது சலைன் பையில விட்டு இழுத்திருக்காங்க, 99 பேருக்கு ஹெபடைட்டிஸ் சி. கேன்சருக்கு வைத்தியம் பார்க்க வந்தவங்க. நம்ம நாட்டுலயும் 2009ல குஜராத் மொடாசா பக்கம் சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் போட்டு ஹெபடைட்டிஸ் பி பரவி எத்தனையோ பேர் செத்தாங்க. நீடிலை மட்டும் மாத்திட்டு சிரிஞ்ச் அதேதான்னா அது புது ஊசி இல்ல, இதை எத்தனை தடவ சொன்னாலும் தகும்.

பாட்டிலை எடுத்து சிங்க்ல கவுத்தேன். இனிமே 10 மில்லி ஆம்பூல், ஒரு ஆளுக்கு ஒண்ணு. ஸ்டாக் பத்தாதுன்னு இன்சார்ஜ் சிஸ்டர் சொல்றாங்க, அவங்க சொல்றதும் பொய் இல்ல, மாசக் கடைசியில ஆம்பூல் தீர்ந்துடும். ஸ்டோருக்கு அனுப்புற இன்டென்ட் சீட்டுல இந்த மாசம் டபுளா எழுதச் சொல்லி கூடவே நின்னேன்.

மார்ச் 15

வார்டுல எல்லாருக்கும் தடுப்பூசி கணக்கு எடுத்தோம். மூணு டோஸும் போட்டு டைட்டரும் பார்த்தவங்க நாலே பேரு. ஹவுஸ்கீப்பிங் அக்காகிட்ட கேட்டா, எட்டு வருஷமா இங்க பெருக்கறாங்க, ஒரு டோஸ் கூடப் போடல. ரெண்டு தடவ ஊசி குத்தியிருக்காம், ரெண்டு தடவயும் சிவப்புப் பையைக் கட்டறப்ப. சிவப்புப் பையில நீடில் வரவே கூடாது, அது ட்யூப், நீடில் எடுத்த சிரிஞ்ச், கிளவுஸ் போடற பை. நீடில் வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடி ஆம்பூல் நீலத்துக்கு. சிவப்புல போட்டது நாங்க, குத்து வாங்கினது அவங்க. யார்கிட்ட சொன்னீங்கன்னு கேட்டேன். "சொன்னா வேலையை விட்டு நிறுத்திருவாங்களோன்னு மஞ்சள் வெச்சுக் கட்டிக்கிட்டேன் பாப்பா"ன்னு விரலைக் காட்டினாங்க.

2016 கழிவு விதியிலயே இருக்கு, கழிவைத் தொடுற ஒவ்வொருத்தருக்கும் ஹெபடைட்டிஸ் பி ஊசியும் டெட்டனஸ் ஊசியும் ஆஸ்பத்திரிதான் போடணும்னு. கான்ட்ராக்ட் ஆளுன்னு கை கழுவ முடியாது. அக்காவுக்கு முதல்ல ரத்த டெஸ்ட், அப்புறம் முதல் டோஸ், திங்கக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்.

மார்ச் 18

அக்காவுக்கு நெகட்டிவ். முதல் டோஸ் போட்டாச்சு. அடுத்தது ஏப்ரல் 18, மூணாவது செப்டம்பர், என் போன்லயும் அவங்க மகன் போன்லயும் அலாரம் வெச்சிருக்கேன்.

ஏப்ரல் 2

ரெண்டு டிராலிக்கும் வெள்ளை டப்பா வந்துடுச்சு, குத்தினாலும் ஓட்டை விழாத கெட்டியான டப்பா, டிராலி கம்பியோட சேர்த்துக் கட்டியிருக்கோம். இப்ப எந்த பெட்ல ஊசி போட்டாலும் கையை நீட்டினா டப்பா. அந்தப் பொண்ணு 17ம் பெட்ல (இப்ப வேற ஒரு அம்மா இருக்காங்க) செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுட்டு மூடியைத் தேடவே இல்ல, சிரிஞ்ச் எடுத்த கை அப்படியே திரும்பி டப்பாவுல "டொக்"குன்னு போட்டுச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னேன்.

ஒரு டப்பா அதுக்குள்ள முக்கால் வாசி ஆயிடுச்சு, அதுக்கு மேல அமுக்கக் கூடாது, மூடி சீல் பண்ணிடணும். ஸ்டோர்ல கேட்டா அடுத்த வாரம்தான் வரும்கிறாங்க. நாளைக்கு மேட்ரன் ரவுண்ட்ஸ் வர்றப்ப டப்பாவைக் கையில எடுத்துட்டுப் போய் காட்டணும்.